இருபத்து இரண்டாவது ஆளுக்கு இருபத்து இரண்டு சம்பளச் சீட்டு

2023 நவம்பர் 7, செவ்வாய்க்கிழமை. தீபாவளிக்கு ஐந்தே நாள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு அடுப்பில் முறுக்குக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா பிழிய, நான் திருப்பிப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் போன் அடித்தது. லோரி ஓட்டும் ஓர் அண்ணனின் மனைவி, பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மூத்தவர். "தங்கச்சி, அண்ணனுக்கு சம்பளச் சீட்டு வந்திருக்கு. ஆனா ஒண்ணு இல்ல, இருபத்தி ரெண்டு வந்திருக்கு. மத்தவங்களோடதெல்லாம் எங்களுக்கு எதுக்கு அனுப்புறீங்க?" என்றார். அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை. எனக்குத்தான் கையில் இருந்த கரண்டி எங்கே போனது என்று தெரியவில்லை. அந்த ஈடு முறுக்கு கருகிப்போனதை அம்மா இன்றும் சொல்லிக்காட்டுவார்.

முதலில் இருந்தே சொல்கிறேன். நான் பினாங்கில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலை பார்த்தவள். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது ஊர் திரும்பி, அப்படியே இங்கேயே தங்கிவிட்டேன். கடைகளுக்கும் சின்ன நிறுவனங்களுக்கும் இணையச் செயலி செய்து தருவதுதான் பிழைப்பு. எங்கள் ஊரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரம் (ரப்பர்), இப்போது பெரும்பாலும் செம்பனை (எண்ணெய்ப்பனை). தோட்ட லயங்களில் இருந்தவர்களின் பிள்ளைகள் இன்று தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் இருக்கிறோம். யார் மகள் யாருக்கு மருமகள், யார் எந்த வங்கியில் கடன் வாங்கினார் என்பதெல்லாம் காலைப் பசியாறும் கடையிலேயே தெரிந்துவிடும். ஒரே ஒன்றுதான் தெரியாது. அடுத்தவருக்கு எவ்வளவு சம்பளம் என்பது. அதையும் நான் தெரிய வைத்துவிட்டேன்.

வேலை தந்தவர் செம்பனைக் குலை வெட்ட ஆளும், குலை ஏற்ற லோரியும் தோட்டங்களுக்கு அனுப்பும் ஒரு குத்தகைக்காரர். மொத்தம் 86 பேர். ஒவ்வொரு மாதமும் கணக்கு பார்க்கும் அக்கா சம்பளச் சீட்டுகளை அச்சடித்து, உறையில் போட்டு, லோரியிலேயே கொடுத்தனுப்புவார். பாதி தொலையும். அப்புறம் வங்கிக் கடனுக்கு மூன்று மாதச் சீட்டு கேட்டார்கள் என்று ஆள் ஆளாக அலுவலகத்துக்கு வந்து நிற்பார்கள். சம்பளம் மறுமாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம் என்பதால் அந்த வாரம் முழுக்க அக்காவுக்குத் தலைவலி. "ஒரு பட்டனை அழுத்தினா எல்லாருக்கும் ஈமெயில்ல போயிடணும், முடியுமா?" என்று முதலாளி கேட்டார். முடியும் என்றேன். 3,500 வெள்ளி (ரிங்கிட்) பேசி, பாதி முன்பணம் வாங்கினேன். மூன்று வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். எழுத்து மட்டும் உள்ள மின்னஞ்சலை எத்தனையோ முறை அனுப்பியிருக்கிறேன். ஒரு கோப்பைச் சேர்த்து அனுப்புவதில் என்ன இருக்கிறது?

நான் இணையச் செயலி எழுதும் நிரல்மொழியான பிஎச்பியில் மெயில் என்றே ஒரு கட்டளை இருக்கிறது. அதை வைத்துத்தான் தொடங்கினேன். அதற்குக் கோப்பு இணைக்கத் தெரியாது, கடிதத்தை நாமே கட்டிக் கொடுக்க வேண்டும். மின்னஞ்சல் அடிப்படையில் வெறும் எழுத்துதான். படமோ பிடிஎஃப்போ போக வேண்டுமானால் அதை எழுத்தாக மாற்றி, "இதுவரை கடிதம், இதற்குப் பிறகு கோப்பு" என்று நடுவில் ஓர் எல்லைக்கோடு போட வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் மைம். 1992-இல் வந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் நதானியல் போரன்ஸ்டைன் என்பவர் தன் பாட்டுக் குழுவின் படத்தையும் பாடலையும் இணைத்து அனுப்பிக் காட்டினார். முப்பது வருடப் பழைய சங்கதிதானே என்று நானே அந்த எல்லைக்கோட்டைக் கையால் எழுதினேன். ஓர் இடத்தில் ஒரு வெற்று வரி குறைந்தது. பிடிஎஃப் திறக்கவில்லை. இன்னோர் இடத்தில் ஒரு கோடு குறைந்தது. கோப்புக்குப் பதிலாக நூற்றுக்கணக்கான வரிகளுக்கு எழுத்துக் குப்பை கொட்டியது. இதில் மட்டும் ஒன்பது நாள் போனது. இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து கையால் கட்டாதீர்கள். பிஎச்பிக்கு பிஎச்பிமெயிலர் இருக்கிறது, சிம்பொனி மெயிலர் இருக்கிறது. மற்ற மொழிகளிலும் இதே வேலைக்கு நல்ல நூலகங்கள், அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்கள், இருக்கின்றன. அதில் வீரம் காட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. அந்த மெயில் கட்டளை "சரி" என்று பதில் சொன்னால், கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம் கிடையாது. சர்வரில் உள்ள அஞ்சல் பெட்டியில் போட்டாயிற்று என்பது மட்டுமே. நான் என் திரையில் "86 அனுப்பப்பட்டது" என்று பச்சையில் காட்ட எழுதி வைத்திருந்தேன். சோதனைக்கு அனுப்பிய பத்தில் மூன்று ஸ்பேமில் கிடந்தன, நான்கு எங்கேயும் இல்லை. ஒரே சர்வரில் நூறு பேர் இடம் வாங்கியிருக்கும் மலிவு ஹோஸ்டிங்கில் அப்படித்தான் நடக்கும். பக்கத்து வீட்டான் குப்பை அனுப்பினால் நம் முகவரிக்கும் கெட்ட பெயர்.

சரி என்று ஜிமெயில் கணக்கு ஒன்றைத் திறந்து, அதன் வழியாக எஸ்எம்டிபியில் (சர்வர்கள் அஞ்சல் அனுப்பும் முறை) அனுப்பப் பார்த்தேன். அதற்கான 25-ஆம் போர்ட்டை (சர்வரின் எண்ணிட்ட வாசல்) ஹோஸ்டிங்காரர்கள் அடைத்து வைத்திருந்தார்கள். பல இடங்களில் அப்படித்தான், 587-ஐப் போட வேண்டும். அடுத்து, கடவுச்சொல்லை ஏற்க மறுத்தது. வழக்கமான கடவுச்சொல்லை வெளிச் செயலிகளில் போட்டு நுழைவதை கூகிள் 2022 மே மாதத்தோடு நிறுத்திவிட்டது. இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, செயலிக்கென்று 16 எழுத்துக் கடவுச்சொல் ஒன்றைத் தனியாக வாங்க வேண்டும். நான் படித்த பாடங்கள் எல்லாம் அதற்கு முந்தியவை. கடவுச்சொல்லைத் தப்பாக அடிக்கிறேன் என்று நினைத்து இரண்டு நாள் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன். தனியார் ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 என்ற வரம்பு உண்டு. 86 பேருக்கு அது போதும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது அந்தத் தவறுக்கு வருகிறேன். பிஎச்பிமெயிலரில் ஒரு கடிதப் பொருளை (முகவரியும் கோப்பும் நிரப்பும் ஒரு வெற்றுக் கடிதத்தை) உருவாக்கி, அதையே சுற்றில் (லூப்) வைத்து ஒவ்வொருவருக்கும் அனுப்பலாம். ஒவ்வொரு முறையும் அஞ்சல் சர்வரோடு புதிதாகத் தொடர்பு ஏற்படுத்தாமல் இருப்பதால் வேகமாகப் போகும். ஒரு சுற்று முடிந்ததும் பழைய முகவரியைத் துடைக்க வேண்டும். அதற்கு ஒரு வரி, கிளியர்அட்ரஸஸ். அதை எழுதியிருந்தேன். பழைய இணைப்புக் கோப்பையும் துடைக்க வேண்டும். அதற்கு இன்னொரு வரி, கிளியர்அட்டாச்மெண்ட்ஸ். அதை எழுதவில்லை. அந்த நூலகத்தோடு வரும் எடுத்துக்காட்டிலேயே இரண்டு வரியும் அடுத்தடுத்து இருக்கின்றன. நான் பார்த்து எழுதியபோது முதல் வரியோடு நிறுத்தியிருக்கிறேன். ஆக, முதல் ஆளுக்கு அவருடைய சீட்டு. இரண்டாம் ஆளுக்கு முதல் ஆளின் சீட்டும் அவருடையதும். மூன்றாம் ஆளுக்கு மூன்று. பஸ்ஸில் யாரும் இறங்காமல் ஏறிக்கொண்டே இருப்பதுபோல.

சோதித்தேனா என்று கேட்பீர்கள். ஐம்பது முறையாவது சோதித்திருப்பேன், ஐம்பது முறையும் ஒரே ஓர் ஆளுக்கு. ஓர் ஆளுக்கு அனுப்பினால் இந்தத் தவறு கண்ணில் படவே படாது. இதை மட்டும் இந்தக் கட்டுரையிலிருந்து எடுத்துக்கொண்டாலும் போதும்: சுற்றில் அனுப்பும் எதையும் குறைந்தது மூன்று வேறு முகவரிகளுக்கு அனுப்பிப் பாருங்கள். மூன்றாவதைத் திறந்து பாருங்கள். உண்மையான ஆட்களுக்குப் போகாமல் நடுவிலேயே பிடித்து வைத்துக் காட்டும் மெயில்பிட், மெயில்டிராப் போன்ற கருவிகள் இருக்கின்றன. 86 பேருக்கும் அதில் அனுப்பி, எத்தனை கோப்பு இருக்கிறது என்று ஓட்டிப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அந்த நவம்பர் 7 மாலை ஏழே காலுக்கு அக்கா பட்டனை அழுத்தினார். திரை சுற்றிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கடிதமும் முந்தையதைவிடக் கனமாகிக்கொண்டே போனது. நான் வடிவமைத்த சீட்டின் மேல் மூலையில் நிறுவனத்தின் சின்னத்தைப் பெரிய படமாகவே வைத்திருந்ததால் ஒரு சீட்டு 220 கேபி. எழுத்தாக மாறும்போது எந்தக் கோப்பும் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலேயே பெருக்கும். (ஜிமெயில் 25 எம்பி வரை விடும் என்றால் உங்கள் கோப்பு 18 எம்பிக்குள் இருந்தால்தான் நிம்மதி.) 34-வது கடிதம் போனதும் சர்வர் பொறுமை இழந்து பக்கத்தைத் துண்டித்தது. வெள்ளைத் திரை. அக்கா என்ன செய்வார்? யாராக இருந்தாலும் செய்வதைத்தான் செய்தார், மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் முதல் ஆளில் இருந்து 34-வது ஆள் வரை போனது. மீதி 52 பேருக்கு ஒன்றுமே போகவில்லை.

இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒன்றிலிருந்து முப்பத்து நான்கு வரை கூட்டினால் 595. ஒரு முறைக்கு 595 சீட்டு, அதில் சரியான இடத்துக்குப் போனது 34. மீதி 561 அடுத்தவர் கையில். இரண்டு முறை அனுப்பியதால் 1,122. ஈமெயிலைத் திரும்பப் பெற முடியாதா என்று முதலாளி கேட்டார். ஜிமெயிலில் நாம் திரையில் பார்க்கும் அந்த ரத்து வசதி, அனுப்புவதையே 30 வினாடி வரை தள்ளிப்போடுவதுதான், அதுவும் செயலி வழியாக அனுப்பியதற்குக் கிடையாது. போனது போனதுதான். சொல்லும்போது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

தீபாவளி மாதம் என்பதால் சீட்டில் போனஸும் இருந்தது. ஒரே பாதையில் ஒரே டன் ஏற்றும் இரண்டு ஓட்டுநர்களுக்கு 150 வெள்ளி வித்தியாசம். மறுநாள் காலை ஆறரைக்கே லோரிகள் நிற்கும் இடத்தில் வாட்ஸ்அப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஆளாளுக்கு நின்றார்கள். இரண்டு லோரி அன்று பத்து மணி வரை கிளம்பவில்லை. முதலாளிக்கு அது ஒரு நஷ்டம். ஆனால் எனக்கு உறைத்தது வேறொன்று. குலை வெட்டும் ஒரு பெரியவர், என் அப்பாவோடு பால்மரம் சீவியவர். அவர் சீட்டில் "முன்பணப் பிடித்தம் 300.00" என்று ஒரு வரி. பேத்தியின் மருத்துவச் செலவுக்கு வாங்கிய கடன், மகனுக்குக்கூடச் சொல்லாதது. மகனும் அதே நிறுவனத்தில் லோரி ஓட்டுகிறார், பட்டியலில் அப்பாவுக்கு ஆறு பெயர் கீழே. அலுவலகத்துக்கு நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்து அதன் ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். "உன் மேல கோவம் இல்லம்மா. ஆனா இத எப்படிச் சரி பண்ணுவ?" என்றார். இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது.

34 பேரிடமும் நேரில் போய்ச் சொன்னேன். அழித்துவிடுங்கள் என்று கேட்டேன், பெரும்பாலானவர்கள் என் முன்னாலேயே அழித்தார்கள். ஈமெயிலில் மன்னிப்புக் கடிதம் அனுப்பலாம் என்று முதலாளியின் மகன் சொன்னார். வேண்டாம் என்றேன், அந்தப் பட்டனை அழுத்த எனக்கே தைரியமில்லை. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த நாட்டில் 2010-லேயே வந்தது. பெரிய பாதிப்பு தரக்கூடிய கசிவு நடந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்கு அறிவிக்க வேண்டும் என்ற கடமை 2025 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. எனக்கு நடந்தது அதற்கு முன்னால். இன்று இந்த வேலையை எடுப்பவர்கள் விலை பேசும்போதே இதையும் மனத்தில் வைத்துப் பேசுங்கள்.

மீதி 1,750 வெள்ளியை முதலாளி தரவில்லை, நானும் கேட்கவில்லை. பேச்சு முடிந்திருந்த ஒரு மளிகைக் கடை வேலை, 2,800 வெள்ளி, "அப்புறம் பாக்கலாம்மா" என்று நின்றுபோனது. அந்தத் தீபாவளிக்கு நான் வெளியே எங்கும் போகவில்லை. செயலியை மட்டும் திருத்தித் தருகிறேன், காசு வேண்டாம் என்று டிசம்பரில் நானே போய்க் கேட்டேன். கணக்கு அக்கா எனக்காகப் பேசியிருக்காவிட்டால் அதுவும் நடந்திருக்காது.

இந்த முறை அந்த ஒரு வரியைச் சேர்ப்பதோடு நிற்கவில்லை. ஒவ்வோர் ஆளுக்கும் புதிய கடிதப் பொருளையே உருவாக்கினேன். கொஞ்சம் மெதுவாகத்தான் போகும், போகட்டுமே. 86 பேருக்கு வேகம் எதற்கு? அனுப்புவதற்கு ஒரு நொடி முன்னால் செயலி இரண்டு கேள்வி கேட்கும்: இணைப்பு சரியாக ஒன்றுதானா? கோப்பின் பெயரில் உள்ள ஊழியர் எண்ணும் பெறுபவரின் எண்ணும் ஒன்றுதானா? இரண்டில் ஒன்று தவறினாலும் மொத்தமும் நின்றுவிடும். அப்புறம், பட்டனை அழுத்தினால் இப்போது எதுவும் போகாது. ஓர் அட்டவணையில் வரிசை மட்டும் எழுதப்படும். ஊழியர் எண்ணும் மாதமும் சேர்ந்து ஒரு முறைதான் அந்த அட்டவணையில் வர முடியும் என்று பூட்டியிருக்கிறேன், அக்கா பத்து முறை அழுத்தினாலும் ஒன்றுதான். பின்னால் க்ரான் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக இயக்கும் ஏற்பாடு) நிமிடத்துக்கு ஐந்தாக எடுத்து அனுப்பும். எடுத்தவுடன் "அனுப்பிக்கொண்டிருக்கிறது" என்று குறித்துவிட்டுத்தான் அனுப்பும். நடுவில் சர்வர் விழுந்தால் அந்த ஒன்று அப்படியே நிற்கும், நான் பார்த்து முடிவு செய்வேன். சம்பளச் சீட்டு விஷயத்தில் இரண்டு தடவை போவதைவிட ஒரு தடவை போகாமல் இருப்பது மேல்.

சின்னத்தைச் சுருக்கியதில் சீட்டு 40 கேபிக்கு இறங்கியது. சீட்டுகளை ஒரே தற்காலிகப் பெயரில் எழுதி மேலெழுதும் பழக்கத்தையும் விட்டேன், இரண்டு பேர் ஒரே நேரத்தில் இயக்கினால் ஒருவர் சீட்டு இன்னொருவர் கடிதத்தில் ஏற அதுவும் ஒரு வழி. முகவரிகளையும் சரிபார்த்தேன். இணைப்பே இல்லாத ஒரு கடிதத்தில் நான்கு இலக்க எண்ணை அனுப்பி, அதை அக்காவிடம் சொன்னவர்களுக்கு மட்டும் சீட்டு. ஏழு முகவரி தப்பு. அதில் ஒன்று ஓர் எழுத்து மாறி, யாரென்றே தெரியாத வேறொருவருக்குப் போகவிருந்தது.

பிடிஎஃப்புக்குப் பூட்டுப் போடுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன், பிடிஎஃப் தயாரிக்கும் நூலகங்களிலேயே அந்த வசதி உண்டு. ஆனால் பிறந்த தேதியைச் சாவியாக வைக்காதீர்கள். இந்த ஊரில் யார் பிறந்த நாள் யாருக்குத் தெரியாது? ஒவ்வொருவரும் தானே தேர்ந்த ஆறு இலக்கம் வைத்திருக்கிறார்கள். இணைப்பே வேண்டாம், உள்நுழைந்து பார்க்கும் தொடுப்பை (லிங்க்) மட்டும் அனுப்புவதுதான் முறை என்று பினாங்கு நண்பர் ஒருவர் வாதாடினார். பாதுகாப்புக்கு அவர் சொல்வது சரி. ஆனால் வந்த தொடுப்பைத் தொடாதீர்கள், பணம் போய்விடும் என்று இதே பெரியவர்களுக்குப் பிள்ளைகள் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பயத்தை நான் கெடுக்க விரும்பவில்லை.

ஜிமெயிலையும் விட்டு, நிறுவனத்தின் சொந்த டொமைன் (இணையப் பெயர்) வழியாக, அஞ்சல் அனுப்புவதற்கென்றே உள்ள சேவை ஒன்றுக்கு மாறினோம். அது 2024 ஜனவரி. நல்ல வேளை, பிப்ரவரியில் இருந்து எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் இல்லாமல் யார் அனுப்பினாலும் ஜிமெயிலும் யாகூவும் கெடுபிடி காட்டத் தொடங்கின. ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் அனுப்புபவர்களுக்கு இரண்டும் வேண்டும், டிமார்க்கும் (அந்தச் சோதனைகளில் தவறிய கடிதத்தை என்ன செய்வது என்று சொல்லும் குறிப்பு) வேண்டும். அக்காவுக்கு இதை இப்படித்தான் விளக்கினேன்: எஸ்பிஎஃப் என்பது தோட்ட வாசலில் ஜாகா (காவலாளி) கையில் இருக்கும் லோரி எண் பட்டியல். டிகேஐஎம் என்பது ஏற்றிய குலையை யாரும் வழியில் மாற்றவில்லை என்பதற்கான முத்திரை. "அப்ப வாசல்லயே திருப்பி அனுப்பிடுவான்" என்றார். அதேதான். இரண்டும் டொமைன் அமைப்பில் ஒட்ட வேண்டிய சில வரிகள்தான், அரை நாள் வேலை.

இன்னொரு சின்ன ஏற்பாடும் செய்தேன். ஊழியர் பட்டியலில் என் பெயரையும் சேர்த்துவிட்டேன், முதலில் ஒரு முறை, கடைசியில் ஒரு முறை. எண் 000, எண் 999. சம்பளம் 0.00, பிடித்தம் 0.00. முதல் சீட்டு வந்து நான் திறந்து பார்த்துச் சரி சொன்னால்தான் வரிசை நகரும். கடைசிச் சீட்டு வந்தால் எல்லாருக்கும் போய்விட்டது. மாதத்தின் அந்த ஒரு மாலை மட்டும் அடுப்புப் பக்கம் போவதில்லை. எட்டு மணி வாக்கில் 999 வந்து விழும், ஒரே ஒரு காகிதக் கிளிப் அடையாளத்தோடு. சரியாக அந்த நேரத்துக்கு அக்காவும் வாட்ஸ்அப்பில் கேட்பார்: "தங்கச்சி, உனக்குச் சம்பளம் வந்திருச்சா?"